ஜிக்சா புதிரும் அடக்க ஆராதனையும்



சென்ற மாதம் அயல் சேகரமொன்றில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்திற்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் இரவு செய்தி கொடுத்த பிரசங்கியார் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அட்டைத் துண்டை எடுத்து விளக்கொளியில் உயர்த்திப் பிடித்தார். நம்முடைய வாழ்க்கை ஆயிரம் துண்டுகள் கொண்ட ஒரு ஜிக்சா புதிர் என்றார். கையில் இருக்கும் துண்டு கறுப்பாய் இருப்பதைக் கண்டு நாம் கலங்குகிறோம் என்றும், பெட்டியின் மூடியில் உள்ள முழுப் படமோ ஆண்டவரிடத்தில் இருக்கிறதென்றும், அந்தக் கறுப்புத் துண்டு இல்லாமல் படம் நிறைவடையாதென்றும் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். பின்வரிசையில் ஒரு தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறுதலால் வந்த கண்ணீரோ, வேறெதனால் வந்ததோ, யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பிரசங்கியாரைத் தனியே குற்றஞ்சாட்ட எனக்குத் தகுதியில்லை. இதே உவமையை ஞாயிறு பள்ளியில் சொல்லியிருக்கிறேன். திருமண ஆராதனையில் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அடக்க ஆராதனைகளிலும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் நான் ஒரு ஜிக்சா புதிரைக்கூட முழுவதுமாய்ச் சேர்த்து முடித்தவனல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். கடலைப் பாராதவன் கடலைப்பற்றிப் பாடம் நடத்தியதுபோல் நடத்தியிருக்கிறேன். இப்போது ஒன்றைச் சேர்த்து முடித்திருக்கிறேன். முடித்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அந்த உவமை புதிரைப்பற்றியும் பொய் சொல்லுகிறது, தேவனைப்பற்றியும் பொய் சொல்லுகிறது. நம் பிரசங்க பீடங்களிலிருந்து, விசேஷமாய்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து, அது நீங்கவேண்டும்.

இரண்டு கிறிஸ்துமசுக்கு முன்பு, வெளிநாட்டிலிருக்கும் எங்கள் மகள் 1000 துண்டுகள் கொண்ட ஒரு புதிரை அனுப்பிவைத்தாள். ஒரு துறைமுகத்தின் படம். கீழே படகுகள், நடுவில் ஓட்டுவீடுகள், மேலே பாதிக்குமேல் வெறும் வானம். குருமனையின் சாப்பாட்டு மேசை அதற்குப் போதவில்லை. போதினாலும் மூன்று வேளை சாப்பாட்டை எங்கே வைப்பது? ஆகவே தச்சரிடம் ஒரு பிளைவுட் பலகை வாங்கி, அதன்மேல் பரப்பி, வேலையில்லாத நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துக்கொண்டோம். துண்டுகளோடு கலந்து வந்த அட்டைத் தூளை என்ன செய்வதென்று நான் விழித்தபோது, என் மனைவி சமையலறையிலிருந்து சுளகைக் கொண்டுவந்து, உளுந்து புடைப்பதுபோல் அந்த ஆயிரம் துண்டுகளையும் புடைத்துத் தூளைப் போக்கினார்கள். பிறகு எவர்சில்வர் தட்டுகளில் நிறம்நிறமாய்ப் பிரித்தோம். ஐப்பசி மழையில் அட்டை லேசாய் ஊதிவிட்டது. மின்விசிறியைப்பற்றிப் பயந்தேன், அது துண்டுகளை ஒன்றும் செய்யவில்லை. பேரன் செய்ததுதான் அதிகம்.

40 வரிசைக்கு 25 என்று அடுக்கினால் 1000. அதில் ஓரத் துண்டுகள் 126. அவற்றுள் மூலைகள் நான்கு. முதல் வாரத்திலேயே ஓரத்தை முடித்துவிட்டோம். படகுகள் ஒரு மாதம். வீடுகள் மூன்று வாரம். வானத்தைச் சொல்லவேண்டாம். நீலத்துக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் காண முடியாமல், நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்துவைத்துப் பார்க்கவேண்டியதாயிற்று. ஒரு மாலையில் நான்கு துண்டுகள் பொருந்தினால் அது நல்ல மாலை.

ஐயருக்கு வேலை இல்லையோ என்று சபையில் ஒரு பேச்சு எழுந்ததும் என் காதுக்கு வந்தது. இதற்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆயினும் ஒன்று சொல்லுகிறேன். இப்படிப்பட்ட பேச்சுக்குப் பயந்து, மூளைக்கு நல்லது, ஞாபகசக்திக்கு நல்லது என்று இந்தப் பொழுதுபோக்குக்கு மருத்துவச் சீட்டு எழுதிக் கொடுப்போர் உண்டு. ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை 30 நாள் தினமும் புதிர் சேர்க்கவைத்து, 2018ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். அந்த 30 நாளில் பெரிதாகச் சொல்லத்தக்க அறிவாற்றல் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை; நெடுங்காலப் பழக்கத்தால் பயன் இருக்கக்கூடும் என்ற அளவிலேயே அவர்கள் நின்றுகொண்டார்கள். ஆகையால் மூளை வளரும் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளமாட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

இனிப் பொய்க்கு வருகிறேன்.

ஜிக்சா என்பது ஒருவகை ரம்பத்தின் பெயர். இந்தப் புதிரை முதன்முதலில் விற்பனைக்கு ஆயத்தம்பண்ணியவராகப் பொதுவாய்ச் சொல்லப்படுகிறவர், 1760களில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் வரைபடச் செதுக்குநர். அவர் செய்தது விளையாட்டுக்காக அல்ல. ஒரு நிலவரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகள் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கும் சாதனமாக விற்றார். அரசர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளுக்கும், அவர்களை வளர்த்த லேடி ஷார்லட் ஃபிஞ்ச் இத்தகைய வரைபடங்களைக்கொண்டே பாடம் சொன்னார். நம் ஊர்ப் பள்ளிகளிலும் இந்தியாவை மாநிலம் மாநிலமாய் அறுத்த மரப்புதிர் ஒன்று பீரோவில் இருக்கும்; ஒருவேளை கேரளம் மட்டும் தொலைந்துபோயிருக்கும்.

இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்கவேண்டியது வரிசையை. முதலில் படம், பிறகு வெட்டு. இன்றைக்கும் அப்படியே. படத்தை அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, வளைத்துப் பதித்த உருக்குத் தகடுகளால் ஆன ஓர் அச்சைப் பெரும் அழுத்தத்தோடு அதன்மேல் இறக்குகிறார்கள். ஒரே அழுத்தில் முழுப்படம் துண்டுதுண்டாகிறது. துண்டுகள் கூடிப் படமாவதற்கு முன்பு, படம் வெட்டுண்டு துண்டுகளாகியிருக்கிறது. வெட்டாமல் புதிர் இல்லை. நம் உவமையோ இந்த முதல் பாதியை மறைத்துவிடுகிறது. தேவன் துண்டுகளைச் சேர்க்கிறவர் என்று மட்டும் சொல்லுகிறோம். வாழ்க்கை ஒரு புதிரானால், அந்த அச்சை இறக்கினவர் யார்?

இந்தக் கேள்வியை நானாகக் கேட்கவில்லை. கேட்டவர்கள் நம் சபையின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயரைப் போடவேண்டாம் என்றார்கள். டீச்சர் என்றால் உங்களுக்குப் போதும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு டீச்சரின் ஒரே மகன் இரவுப் பணி முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது, நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் விளக்கும் இல்லாமல், பிரதிபலிப்புப் பட்டையும் இல்லாமல் நிறுத்தப்பட்டிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் மோதி மரித்தான். அவனுக்கு 26 வயது. நான் திடப்படுத்தல் கொடுத்த பிள்ளை. அடக்க ஆராதனையில் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற நான், கைக்கு வந்ததை எடுத்தேன். கறுப்புத் துண்டு, பெட்டி மூடி, ஆண்டவரிடத்தில் முழுப்படம். சபையார் பலர் பிறகு வந்து, ஐயா, ஆறுதலாய் இருந்தது என்றார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மௌனத்தை நான் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன். ஊழியக்காரருக்கு வரும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

சென்ற ஆண்டு லெந்து நாட்களில் ஒரு மாலை டீச்சர் குருமனைக்கு வந்தார்கள். நான் வானத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். உட்காருங்கள் என்றேன். எதிர்நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தட்டிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து, எடுத்த எடுப்பிலேயே சரியான இடத்தில் வைத்தார்கள். நாற்பது ஆண்டு இந்திய வரைபடத்தைப் பிள்ளைகளோடு சேர்த்துச் சேர்த்துப் பழகிய கை. மூன்று நான்கு துண்டுகள் அப்படி வைத்தபின், தலை நிமிராமலே கேட்டார்கள்.

"ஐயா, இதை வெட்டுனது யாரு?"

"கம்பெனிதான் டீச்சர். மிஷின்ல வெட்டுவாங்க."

"வேணும்னே வெட்டுனதுதானே? நாம உக்காந்து சேக்கணும்னு."

"ஆமா."

"அப்ப அன்னைக்கு நீங்க சொன்னதுல, என் பிள்ளைய வெட்டுனது யாரு ஐயா?"

என் மனைவி அடுக்களையிலிருந்து காப்பித் தம்ளரோடு வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. வேதசாஸ்திரக் கல்லூரியில் தேவநீதியைப்பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்திருக்கிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த மேசையில் அதில் ஒரு வரிகூட உதவவில்லை.

டீச்சர் என்னைக் கடிந்துகொள்ள வரவில்லை. வேறொரு காரியத்துக்காக வந்தார்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருக்கிறது. லாரி உரிமையாளர் தரப்பில், வண்டி அங்கே நின்றதே பையனின் கவனக்குறைவுக்குப் பின்புதான் தெரியவந்தது என்பதுபோல் வாதிடுகிறார்கள். சாட்சி சொல்லவேண்டியவர் நம் சபையைச் சேர்ந்தவர். அன்றிரவு அந்த வழியே வந்தவர். லாரி விளக்கில்லாமல் நின்றதைக் கண்டவர். அவரோ பின்வாங்குகிறார். பயந்து அல்ல, பக்தியினால். "கர்த்தருடைய படத்தில் அந்தத் துண்டு இருக்கவேண்டுமென்று ஐயரே சொன்னாரே, நாம் அதற்காக மனுஷனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா" என்று கேட்கிறாராம். அவரோடு பேசுவீர்களா என்று கேட்கத்தான் டீச்சர் வந்திருந்தார்கள்.

அன்பானவர்களே, ஒரு உவமை என்ன செய்யும் என்று இதில் பாருங்கள். விளக்கில்லாமல் லாரியை நிறுத்தினவன் மனிதன். நிறுத்த இடம் கொடாமல் ஓட்டுநரை இரவும் பகலும் ஓட்டச் சொன்னவன் மனிதன். சாலையோரத்தைக் கவனிக்கவேண்டிய பொறுப்பிலிருந்து கவனியாதவன் மனிதன். அவர்கள் எல்லாருடைய பொறுப்பையும் நான் ஒரே வாக்கியத்தில் எடுத்து, ஆண்டவருடைய தலையில் வைத்துவிட்டேன். வைத்ததோடு நில்லாமல், அதற்கு ஆறுதல் என்று பெயரிட்டேன். அதன் பலனாக ஒரு நேர்மையான மனிதர் சாட்சி சொல்லத் தயங்குகிறார்; நேற்று இரவும் அதே சாலையில் வேறொரு லாரி விளக்கில்லாமல் நின்றிருக்கும்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும், நானே பல முறை அதைச் சொல்லியிருப்பதால். யோசேப்பைப் பாருங்கள் என்பீர்கள். ஆதியாகமம் ஐம்பதாம் அதிகாரத்தில், சகோதரர்கள் தீமையாக நினைத்ததைத் தேவன் நன்மையாக்கினார் என்ற பொருளில் யோசேப்பு பேசவில்லையா? பேசினார். ஆனால் யார் பேசினது, எப்போது பேசினது என்று பாருங்கள். அநியாயத்தை அனுபவித்தவரே பேசினார். பல ஆண்டுகள் கழிந்தபின், அழுதபின் பேசினார். சகோதரர்கள் நினைத்தது தீமை என்பதை அவர் மறைக்கவில்லை. அவர்கள் முகத்துக்கு நேராகவே தீமை என்று பெயர் சொன்னார். குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, உள்ளே கிடந்த பதினேழு வயதுப் பிள்ளையிடம், இது பெரிய படத்தில் ஒரு துண்டு, அமைதியாயிரு என்று யாரும் குனிந்து சொன்னதாக வேதத்தில் இல்லை. நான் அடக்க ஆராதனையில் செய்தது அந்தக் குனிதலே. ரோமர் எட்டாம் அதிகாரத்தையும் இப்படியே குழியோரத்துக்கு இழுத்துவருகிறோம். அதே அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் தவிப்பதையும், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுவதையும் பவுல் முந்திச் சொல்லியிருப்பதை விட்டுவிடுகிறோம்.

யோவான் பதினோராம் அதிகாரத்துக்கு வாருங்கள். லாசருவின் கல்லறையண்டை வந்த நம் ஆண்டவருக்கு அடுத்து நடக்கப்போவது தெரியும். பெட்டி மூடி என்று ஒன்று உண்டானால், அது அந்த நிமிஷத்தில் அவர் கையில் இருந்தது. அவர் மார்த்தாளிடமும் மரியாளிடமும் அந்த மூடியைக் காட்டி, அழாதேயுங்கள் என்று அடக்கினாரா? அவர் அழுதார். முடிவை அறிந்தவர் அழுதிருக்க, முடிவை அறியாத நான் படம் காட்டப் போனேன்.

யோபுவின் சிநேகிதரைப்பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்தப் புஸ்தகத்தில் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். திறந்தவர்கள் எல்லாத் துண்டுகளையும் பொருத்திக் காட்டினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்பட்டது யோபுவின்மேல் அல்ல, அவர்கள்மேல். பெருங்காற்றிலிருந்து பேசினபோதுகூடக் கர்த்தர் யோபுவுக்குப் பிள்ளைகள் ஏன் மரித்தார்கள் என்ற விளக்கத்தைக் கொடுக்கவில்லை. நட்சத்திரங்களையும் காட்டுக்கழுதையையும் காட்டினார். விளக்கம் கொடாதிருந்த தேவனுக்காக நாம் ஏன் விளக்கம் தயார்செய்கிறோம்?

புதிரைச் சேர்த்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பொருந்துவதெல்லாம் சரியானதல்ல. வானத்தில் நாங்கள் ஏறக்குறைய முப்பது துண்டுகளைத் தவறான இடத்தில் வைத்து, அவை சிக்கெனப் பொருந்தியும் இருந்ததால், மூன்று வாரம் கழித்தே கண்டுபிடித்தோம். ஒரே அச்சைக்கொண்டு ஒரு நிறுவனம் பல படங்களை வெட்டுவதுண்டு. அதனால் ஒரு படத்தின் துண்டு வேறொரு படத்தின் பள்ளத்தில் அச்சுப் பிசகாமல் உட்காரும். அமெரிக்காவைச் சேர்ந்த டிம் கிளைன் என்னும் கலைஞர், இப்படி வெவ்வேறு புதிர்களின் துண்டுகளைக் கலந்து, இல்லாத படங்களை உண்டாக்குவதையே தம் கலையாக வைத்திருக்கிறார். அவர் அதை வேடிக்கை என்று தெரிந்து செய்கிறார். நாம் வேதவசனத்தில் தெரியாமல் செய்கிறோம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் அந்தப் பிரபலமான வசனம் வந்தால் எவ்வளவு சந்தோஷம்! பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுபது வருஷம் செல்லும் என்று அதற்கு முந்தின வசனம் சொல்லுகிறது. கேட்டவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போகாமலே மரித்திருப்பார்கள். வெட்டியெடுத்த துண்டு நம் பள்ளத்தில் அழகாகப் பொருந்துகிறது. அட்டை எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எடுத்தபின் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள் என்கிறேன்.

ஞாயிறு பள்ளிப் பதிப்பு ஒன்று உண்டு: ஒரு துண்டு குறைந்தாலும் படம் குறைவுபடும், ஆகவே நீயும் சபைக்கு வரவேண்டும் என்பது. எங்கள் துறைமுகத்தில் ஒரு துண்டு குறைந்துதான் போனது. பேரனின் கைவண்ணம். பார்க்கிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. பவுல் சபையைச் சரீரம் என்றார், 1 கொரிந்தியர் 12இல். ஒரு விரல் நசுங்கினால் உடம்பு முழுவதும் துடிக்கும். அட்டைத் துண்டு தொலைந்தால் அடுத்த அட்டைத் துண்டுக்கு வலிப்பதில்லை. நமக்குச் சரீரம் என்ற உயிருள்ள உவமை கையில் இருக்க, கடையில் வாங்கின அட்டை எதற்கு?

அப்படியானால் புதிரே வேண்டாமா என்றால், அதை மட்டும் சொல்லிவிடாதேயுங்கள். அன்று மாலை போகும்போது டீச்சர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "இதுல எல்லாத் துண்டும் பெட்டிக்குள்ள இருக்குன்னு தெரியும் ஐயா. எதுக்கும் ஒரு எடம் உண்டுன்னு தெரியும். வெளிய அப்படி இல்ல. அதனாலதான் ஒரு மணி நேரம் இதுக்கு முன்னால உக்காந்தா மனசுக்கு நல்லாருக்கு." இவ்வளவு தெளிவாக ஒரு புதிரைப்பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாழ்க்கையைப்போல் இருப்பதால் அல்ல, வாழ்க்கையைப்போல் இல்லாததனாலேயே அது இளைப்பாறுதல் தருகிறது.

1930களின் தொடக்கத்தில், பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அட்டையில் வெட்டிய மலிவான புதிர்கள் பத்திரிகைக் கடைகளில் வாரந்தோறும் வந்தன. 1933இல் விற்பனை உச்சத்திலிருந்தபோது வாரத்துக்கு ஒரு கோடி வரை விற்றதாகச் சொல்லப்படுகிறது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்துச் சேர்த்தார்கள். வேலையில்லாத ஒரு தகப்பன் சாயங்காலத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஆரம்பித்த ஒன்றை முடித்து எழுந்திருக்கிறான். நாட்டின் கணக்கு எதுவும் சரியாக வராத நாட்களில் அந்தப் பெட்டிக்குள் மட்டும் கணக்குச் சரியாக வந்தது. 2020இல் கொரோனா அடைப்பில் உலகெங்கும் புதிர்கள் கடைகளில் கிடைக்காமல் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். களைத்தவர்கள் தேடிப்போகும் இந்தச் சிறிய நிழலையும் பிடுங்கி, அதைப் பிரசங்கமாக்கி, அழுகிறவர்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துவதை என்னவென்று சொல்வது?

டீச்சர் கேட்டபடியே அந்தச் சகோதரரைப் போய்ப் பார்த்தேன். மூன்று முறை போகவேண்டியிருந்தது. முதல் முறை அவர் என் வார்த்தைகளையே எனக்குத் திருப்பிச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். அன்று நான் சொன்னது தவறு என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். போதகர் தவறு என்று சொல்லுவதைக் கேட்க அவருக்குக் கூச்சமாயிருந்தது, பேச்சை மாற்றினார். மூன்றாம் முறை, லாரியின் பின்விளக்கு எரியவில்லை என்பது உண்மைதானே என்று மட்டும் கேட்டேன். உண்மைதான் என்றார். அதை மட்டும் சொன்னால் போதும், கர்த்தருடைய படத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன். பின்பாதி வாக்கியத்தையும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

சேகரத்தின் பிரசங்கியார்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், மரண அறிவிப்போடு படமும் வசனமும் சேர்த்து அலைபேசியில் அனுப்பும் வாலிபருக்கும் என் வேண்டுகோள் இது. இந்த உவமையை அடக்க வீட்டுக்குக் கொண்டுபோகாதேயுங்கள். வார்த்தை வரவில்லையென்றால் வராமலிருக்கட்டும். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதையும் ஆவியானவர்தான் வேதத்தில் வைத்திருக்கிறார். அதை வாசித்துவிட்டு உட்காருங்கள். கஞ்சி கொண்டுபோங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு, எல்லாரும் போனபின், போங்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்க, வங்கியில் கையெழுத்துப் போட, காவல் நிலையத்தில் நகல் வாங்க, அவர்களோடு நில்லுங்கள். என் அடக்கப் பிரசங்கக் குறிப்பேட்டில் இருந்த அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உங்களில் யாருக்காவது நான் அந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், இந்த எழுத்தின்மூலம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் வந்தும் கேட்பேன், சொல்லியனுப்புங்கள்.

துறைமுகப் புதிரைப் பிரித்துப் பெட்டியில் போட்டு, 999 துண்டுகள் என்று மூடியில் எழுதி, டீச்சரிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வானத்திலிருந்து தொடங்கியிருப்பதாகக் கேள்வி.

வழக்கு வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வருகிறது. அந்தச் சகோதரர் சாட்சி சொல்ல வருகிறார். டீச்சரோடு நீதிமன்றத்தில் உடன் இருக்க விரும்புகிறவர்கள் காலை எட்டரை மணிக்குக் குருமனை வாசலுக்கு வாருங்கள். வேன் ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறோம்; பதினான்கு பேருக்கு இடமுண்டு. மத்தியானச் சாப்பாட்டைப் பெண்கள் ஐக்கியத்தார் பார்த்துக்கொள்கிறார்கள்.